சொன்னது சொன்னபடி

நவம்பர் 18, செவ்வாய்

இன்று என்னை ஒருவர் வேலைக்குக் கேட்டார். ஒன்பதாம் வகுப்பில் தோற்றவள் என்பதுதான் அந்த வேலைக்குத் தகுதி.

எங்கள் வீட்டில் மாவு வாங்க வரும் கவிதாமணி அக்கா எப்போதும் தூக்குப்போசியை நீட்டுவார், வாங்குவார், போவார். இன்று வாசலில் மாட்டியிருக்கும் அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். ‘மாவு வாங்க வருவோர் பாத்திரம் கொண்டு வரவும்’ என்று நான் எழுதிய அட்டை.

“இதாரு கையெழுத்துங்க்கா? அச்சடிச்சாப்பல இருக்குது.”

அம்மா கிரைண்டரை நிறுத்தாமலே சொன்னாள். “என்ற புள்ளைதானுங். அவளுக்கு வேறென்ன வேலை?”

“எத்தனாவது படிக்கறா?”

“ஒம்பதாவதோட நின்னுட்டாளுங். படிப்பு ஏறல.”

அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் நான் உள்ளே போய்விடுவேன். இன்றும் போனேன். கவிதாமணி அக்காவின் குரல் பின்னாலேயே வந்தது.

“பத்தாவதுக்குப் போகலீங்களே? அப்பாடா, நல்லதாப் போச்சுங்!”

நான் படிப்பை விட்டதை நல்லது என்று சொன்ன முதல் ஆள் அவர்தான்.

விஷயம் இதுதான். அவர் மகள் மிருதுளா பத்தாம் வகுப்பு. அவளுக்கு எழுத வராது. எழுத்து கைக்குள் நிற்காதாம். படிப்பதும் தட்டுத் தடுமாறித்தானாம். மருத்துவர் சான்றிதழ் கொடுத்திருக்கிறார். அதனால் தேர்வில் அவள் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதலாம். பொதுத்தேர்வுக்கு அரசே ஆள் போட்டுவிடும். அரையாண்டுக்குப் பள்ளி ஆள் தராது, வீட்டார்தான் கொண்டுவர வேண்டும். எழுதுகிற ஆள் அவளைவிடக் குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும். அதிகம் படித்தவர் என்றால் சொல்லிக்கொடுத்துவிடுவார்களாம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கோ அதே நாட்களில் தேர்வு. அதனால் என்னைப்போல் ஒருத்தி.

அரையாண்டில் எல்லாப் பாடத்திலும் தேறினால்தான் அவளைத் தங்கள் மாணவியாகப் பொதுத்தேர்வுக்கு அனுப்புவார்களாம். இல்லாவிட்டால் டி.சி.யைக் கையில் கொடுத்து, வெளியிலிருந்து எழுதிக்கொள் என்று அனுப்பிவிடுவார்களாம். வாசலில் ‘நூறு சதவீதத் தேர்ச்சி’ என்று பலகை வைத்திருக்கும் பள்ளி அது.

“போறியா?” என்று அம்மா கேட்டாள். தலையாட்டினேன்.

“வாயத் தொறந்து சொல்லு. கோகிலான்னு பேரு வெச்சதுக்கு ஒரு நாளாச்சும் கூவோணுமில்ல?”

“போறேன்” என்றேன். காலையிலிருந்து பேசாததால் குரல் கட்டியிருந்தது.

நவம்பர் 20, வியாழன்

முதல் நாளே தாமதம். பன்னிரண்டாம் எண் பேருந்தில் ஏற வேண்டும். வந்த பேருந்தில் ஏறினேன். அது எங்கோ கரும்புக்காட்டுப் பக்கம் போய் நின்றது. அவசரத்தில் பலகையைச் சரியாகப் பார்க்கவில்லை. கண்டக்டர், “இது இருவத்தொண்ணும்மா. ஒண்ணும் ரெண்டும் தெரியாதா?” என்றார். பேருந்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மிருதுளா என்னைவிட உயரம். என்னைவிடச் சின்னவள். நான் உள்ளே போனபோது தரையில் மல்லாந்து படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

“நீங்கதான் என்ற கையா?”

பேனாவை எடுத்துக் காட்டினேன்.

“பேரு?”

“கோகிலா.”

“கோகிலாவா? வேற பேரு வெச்சிருக்கலாம். ஊமைக்கோட்டான்னு.”

அவள் அம்மா உள்ளேயிருந்து, “மிருது! வந்த புள்ளைகிட்ட என்ன பேச்சு அது?” என்று கத்தினார். அவள் சிரித்தாள். கேலியாக இல்லை. எனக்கும் சிரிப்பு வந்தது. கோட்டான் இரவில் கூவும் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

மழை. மாவு பொங்கவில்லை. யாரும் வரவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

அவளுக்காக எழுதுவது என்பது என்னவென்று எழுதி வைக்கிறேன்.

எல்லோரும் மேலிருந்து கீழே வருவார்கள். அவள் கீழிருந்து மேலே போகிறாள். கணக்கை அவள் அம்மா படித்துக் காட்டி முடிப்பதற்குள், “விடையைத் தாள்ல அடியில எழுதிக்கோங்க. இப்ப மேல போலாம்” என்கிறாள். விடை முதலில் தெரிந்துவிடுகிறது. அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்பதைத் திரும்பி நடந்து கண்டுபிடிக்கிறாள். நான் நடுவில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதுகூட அவளுக்குத் தெரிகிறது.

அவள் கையால் எழுதிய ஒரு தாளையும் பார்த்தேன். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சில தலைகீழாக, கோடு விட்டுக் கோடு தாவி, கூட்டத்தில் தள்ளுமுள்ளு நடந்ததுபோல் இருந்தது. அதற்கு ஓர் ஆசிரியர் சிவப்பில் எழுதியிருந்தார்: ‘திமிர்.’

“பேசறப்ப இவ்வளவு தெளிவாப் பேசறவ எழுதறப்ப வேணும்னே கிறுக்கறாளாம்” என்றாள். “வகுப்புல எனக்குப் பேரு என்ன தெரியுமா? சர்டிபிகேட். ‘சர்டிபிகேட் வந்துட்டா, வழி விடுங்கடா’ம்பாங்க.”

என்னை முட்டை என்பார்கள் என்று சொல்லியிருக்கலாம்.

அவள் மூன்று பக்கம் சொல்கிறாள், நான் எழுதுகிறேன். என் முகத்தைப் பார்த்துச் சொல்வதில்லை. ஜன்னலைப் பார்த்துச் சொல்கிறாள். ஆனால் ஒவ்வொரு சொல்லும் எனக்காக நின்று, நான் எழுதி முடித்த பின்புதான் அடுத்தது வருகிறது. இப்படி யாரும் எனக்காக நின்று பேசியதில்லை.

நவம்பர் 25, செவ்வாய்

ஷைனி மிஸ் வந்திருந்தார். பள்ளியில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியை. எழுதுபவருக்கான விதிகளைச் சொன்னார்.

சொன்னது சொன்னபடி எழுத வேண்டும். கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. ஒவ்வொரு விடை முடிந்ததும் எழுதியதை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். மிருதுளாவால் தாளைப் பார்த்துச் சரிபார்க்க முடியாது என்பதால் அவள் காதுதான் அவளுக்குக் கண்.

எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னார். ஒரு பக்கம் முழுவதும் சொன்னேன். “நல்லா வேகமாப் படிக்கிறியே!” என்றார். கேட்டது எனக்கு அப்படியே நிற்கும். அதில் பெருமை ஒன்றும் இல்லை. ‘கிளிப்பிள்ளை வேலை, படிப்பில்லை’ என்று எங்கள் கணக்கு சார் சொல்வார்.

கவிதாமணி அக்கா காபி கொண்டுவந்தபோது மிஸ் அவரிடம் பேசியது:

“மத்தவங்களுக்கு ரெண்டும் ஒரே பிள்ளைகிட்ட இருக்கும்னு நம்ப முடியறதில்லை. இவளோட கூர்மை இவ கஷ்டத்தை மறைச்சிடுது. கஷ்டம் கூர்மையை மறைச்சிடுது. வெளியே தெரியறது சுமாரா படிக்கிற ஒரு சோம்பேறி மட்டும்தான். இவளை மாதிரி நிறைய பேர் இருக்காங்க. சிலருக்கு எழுத்து நிக்காது, சிலருக்கு எண் நிக்காது.”

காபி சூடாக இருந்தது. நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

வரும் வழியில் பச்சரிசி வாங்கி வந்தேன்.

நவம்பர் 28, வெள்ளி

நாங்கள் எழுதிய மாதிரித் தேர்வுத் தாளை மிஸ் திருத்திக் கொண்டுவந்தார். கணக்கில் நிறைய சிவப்பு வட்டங்கள்.

“மிருது, எல்லாம் தெரிஞ்சும் அவசரம். பதிமூணு எக்ஸ், முப்பத்தொண்ணு எக்ஸ் ஆயிருக்கு. முப்பத்தாறு, அறுபத்துமூணு ஆயிருக்கு. சொல்றப்ப கவனமாச் சொல்லணும்.”

“நான் பதிமூணுன்னுதான் சொன்னேன்.”

“அப்படின்னா கோகிலா படிச்சுக் காட்டினப்ப நீ சொல்லியிருப்பியே.”

மிருதுளா என்னைப் பார்த்தாள். நான் தாளைப் பார்த்தேன்.

பதிமூணு என்று அவள் சொன்னது என் காதில் இருந்தது. படித்துக் காட்டியபோது நானும் பதிமூணு என்றுதான் சொன்னேன். தாளில் ஒன்றும் மூன்றும் இருந்தன. மூன்று முன்னால் இருந்தது. அது முன்னால் இருக்கிறது என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“சரி மிஸ். தப்பாச் சொல்லியிருப்பேன்” என்றாள் மிருதுளா.

இனிமேல் கவனமாக எழுதுவேன்.

நவம்பர் 30, ஞாயிறு

வீட்டில் எண்களை எழுதிப் பழகினேன். அம்மா பார்த்துவிட்டு, “என்ன இது, ஒண்ணாங்கிளாஸ் புள்ளையாட்ட?” என்றாள். எழுதியது சரியா என்று அவளிடம் கேட்கவில்லை.

நல்ல ஆள் வேறு கிடைக்கலாம். கவிதாமணி அக்காவிடம் ஒரு சொல் சொன்னால் போதும். நாளை சொல்லலாம்.

டிசம்பர் 1, திங்கள்

சொல்லவில்லை. நான் போனதும் மிருதுளா, “வாங்க கோட்டான்” என்றாள். எனக்காக ஒரு தலையணையைச் சுவரோரம் போட்டு வைத்திருந்தாள். எழுதும்போது எனக்கு முதுகு வலிக்கிறது என்று நான் சொன்னதே இல்லை.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை தீபம். அம்மா சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் மட்டும் வாசலில் விளக்கு வைத்தேன்.

நேற்று மிருதுளா சொன்னாள்: “நாளைக்குப் பொழுது விழறப்ப கெழக்கால பாருங்க. பௌர்ணமி நெலா எப்பவும் பொழுது விழறப்பதான் மொளைக்கும். எந்த மாசம்னாலும். ஏன்னு நீங்களே யோசிங்க, நான் சொல்ல மாட்டேன்.”

பார்த்தேன். மேற்கே சூரியன் இறங்க, கிழக்கே நிலா ஏறியது. இரண்டுக்கும் நடுவில் நான் விளக்கோடு நின்றேன். இரண்டும் நேரெதிரே நின்றால்தான் நிலாவின் முகம் முழுதாகத் தெரியும் என்பது அப்போதுதான் புரிந்தது. புரிந்ததை உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. தெருவில் எல்லார் வீட்டிலும் ஆட்கள் இருந்தார்கள்.

டிசம்பர் 5, வெள்ளி

மிருதுளா மாறிவிட்டாள். கணக்கு சொல்லும்போது நிற்கிறாள். “பதினெட்டு… இல்ல, இருங்க. பதினெட்டுதானே? நான் பதினெட்டுன்னுதானே சொன்னேன்?” என்று கேட்கிறாள். முன்பு இப்படிக் கேட்க மாட்டாள். கீழிருந்து மேலே போவதையும் விட்டுவிட்டாள். “மத்தவங்க மாதிரியே மேல இருந்து வரேன். என்ற தலைக்குள்ளதான் ஏதோ மாறிப்போகுது போல” என்கிறாள்.

“இல்ல” என்றேன்.

“என்ன இல்ல?”

“ஒண்ணுமில்ல.”

அவள் அடுத்த கணக்குக்குப் போனாள்.

டிசம்பர் 10, புதன்

அரையாண்டு தொடங்கியது. தமிழ். எங்களுக்குத் தனி அறை, நூலகத்துக்குப் பக்கத்தில். வினாக்களைப் படித்துக் காட்ட ஒரு கண்காணிப்பாளர் மட்டும்.

மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பள்ளிக்கூடத்துக்குள் போகிறேன். சுண்ணாம்புக்கட்டி வாசனைக்கு வாசலிலேயே நின்றுவிட்டேன். தாளைக் கையில் வாங்கியதும் சரியாகிவிட்டது. கட்டுரையில் அவள் தண்ணீரைப் பற்றிச் சொன்னது மிக அழகு. ‘ஆறு தன் ஊரை எழுதிக்கொண்டு போகிறது, நாம்தான் படிக்காமல் அணை கட்டுகிறோம்’ என்றாள். ஒற்று, றகர ரகரம் எல்லாம் நான் பார்த்துக்கொண்டேன். அது என் பொறுப்பு.

டிசம்பர் 21, வெள்ளி

(12. காலண்டரைப் பார்த்துத் திருத்தினேன்.)

ஆங்கிலம். பரவாயில்லை.

தமிழ்த் தாளை அதற்குள் திருத்திவிட்டார்களாம். நல்ல மதிப்பெண். பிழையே இல்லை என்று ஆசிரியர் வகுப்பில் சொல்லியிருக்கிறார். மிருதுளாவுக்கு மகிழ்ச்சி இல்லை.

“பிழையில்லாம எழுதுனது நீங்க. அந்த மார்க்கு உங்களுது. கணக்குல நான் வாங்கறதுதான் என்னுது. அதுல மட்டும் யாரும் பங்குக்கு வர முடியாது” என்றாள்.

டிசம்பர் 15, திங்கள்

கணக்கு.

எழுதினேன். படித்துக் காட்டினேன்.

டிசம்பர் 19, வெள்ளி

தேர்வுகள் முடிந்தன. பள்ளி வாசலில் மிருதுளா தன் மிட்டாயை இரண்டாகக் கடித்துப் பாதியை என்னிடம் நீட்டினாள். “இனி பொதுத்தேர்வுக்கு வேற ஆளு போடுவாங்க. ஆனா நீங்க வரலாம் வீட்டுக்கு. சும்மா.”

சும்மா வரலாம் என்று சொன்னாள். அதை நினைத்துக்கொண்டே உளுந்து கழுவினேன். தொலியெல்லாம் போன பிறகும் கழுவிக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 22, திங்கள்

காலையில் கவிதாமணி அக்கா வந்தார். கையில் போசி இல்லை. “அம்மிணி, பள்ளிக்கூடத்துல உன்னையும் கூட்டியாரச் சொல்றாங்க” என்றார். அழுதிருந்தார்.

தலைமையாசிரியர் அறையில் மிருதுளாவும் ஷைனி மிஸ்ஸும் நின்றிருந்தார்கள். மேசைமேல் கணக்குத் தாள். என் கையெழுத்து.

“விடை பாதிக்கு மேல சரி” என்றார் தலைமையாசிரியர். “ஆனா வழி எல்லாம் தப்பு. இங்க பாருங்க. பதிமூணு இருக்க வேண்டிய இடத்துல முப்பத்தொண்ணு. இந்த முப்பத்தொண்ணை வெச்சுக்கிட்டு எந்தக் கணக்குப் புலியும் நாலு, ஒம்பதுன்னு விடை கொண்டுவர முடியாது. அப்ப விடை எங்கிருந்து வந்துச்சு?”

“என்ற புள்ள காப்பி அடிக்கலீங் சார்” என்றார் கவிதாமணி அக்கா. “அவளுக்குப் படிக்கவே வராதுங். எதப் பார்த்துங் அடிப்பா?”

“அவளுக்கு வராது. பக்கத்துல உக்காந்த புள்ளைக்கு வருமில்ல? விடையை மட்டும் எங்கயாச்சும் எழுதிக் கொண்டாந்திருக்கலாம்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“இதப் பெருசாக்க வேண்டாம்னு பார்க்கறேன். டி.சி. வாங்கிக்கோங்க. வெளியில இருந்து எழுதட்டும்.”

“மிருது, நீயே சொல்லு. நீ என்ன சொன்னே?” என்றார் மிஸ்.

மிருதுளா சண்டை போடுவாள் என்று நினைத்தேன். அவள் தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “தெரியலீங் மிஸ். சரியாத்தான் சொன்னேன்னு நெனச்சேன். இப்பத் தெரியல. என்ற தலையை நானே நம்ப முடியல.”

அப்போது, “நாந்தானுங்” என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்.

“என்ன நீதான்?”

“அவ சரியாத்தானுங் சொன்னா. நாந்தான் மாத்தி எழுதிட்டேன். எனக்கு… நம்பர் மாறிப்போயிருமுங். பஸ்ஸும் மாறிப்போயிரும். ஒம்பதாவதுல அதனாலதான் பெயிலு.”

“படிச்சுக் காட்டறப்ப அந்தப் புள்ள திருத்தியிருக்குமே?”

“நான் படிக்கலீங் சார். தாளைப் பார்த்துட்டு, அவ சொன்னதத்தான் திருப்பிச் சொன்னேன். எப்பவும் அப்படித்தானுங். கேட்டது நின்னுக்கும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “ஒரு வாரம் கழிச்சு வந்து இப்படிச் சொன்னா நம்பறதுக்கு நான் என்ன…”

கண்ணை மூடிக்கொண்டேன். மூடாவிட்டால் முகங்கள் தெரியும். முதல் கணக்கிலிருந்து சொல்லத் தொடங்கினேன். மிருதுளா எங்கே நிறுத்தினாள், எங்கே ‘இல்ல, இருங்க’ என்றாள், எங்கே ‘அடுத்த வரி’ என்றாள், எல்லாம். பாவாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தாள் புரளும் சத்தம் கேட்டது. ஷைனி மிஸ் பக்கத்தில் வந்து நின்று தாளோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார் போல. “வழி சரியா வருது சார்” என்றார். “இதுவும் சரி. இதுவும்.”

“வீட்டுல உக்கார வெச்சு மனப்பாடம் பண்ண வெச்சிருந்தா?” என்றார் தலைமையாசிரியர். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போனவர்போல் சொன்னார்.

மிஸ் வெளியே போய்த் தமிழ்த் தாளைக் கொண்டுவந்தார். கட்டுரையின் நடுவிலிருந்து ஒரு வரியைப் படித்து நிறுத்தினார். அங்கிருந்து நான் தொடர்ந்தேன். ஆறு, ஊர், அணை, எல்லாம் வந்தது. தலைமையாசிரியர் தாளில் விரல் வைத்துக்கொண்டே வந்தவர், ஒரு பக்கம் முடிந்ததும் விரலை எடுத்தார்.

“சரிம்மா. போதும். உக்காரு. தண்ணி குடி.”

விடுமுறையில் கணக்கு மட்டும் மறுபடி வைப்பதாகச் சொன்னார். எழுத வேறு ஆள். மிஸ் ஏற்பாடு செய்வார்.

வெளியே வந்ததும் ஷைனி மிஸ் என் தோளைத் தொட்டார். “மிருதுவைப் பத்தி அன்னிக்கு நான் அவ்வளவு பேசினேன். நீ பக்கத்துலயே உக்காந்திருந்தே. எனக்குத் தெரியலையேம்மா. ஒரு நாள் என்கிட்ட வா. உன்னையும் பார்க்கணும்.”

நான் மிருதுளாவைத் தேடினேன். அவள் சைக்கிள் நிறுத்தம் வரை போய்விட்டாள். திரும்பவில்லை.

டிசம்பர் 23, செவ்வாய்

அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடும்போது சொல்வது எளிது.

அம்மா அதை நிறுத்தினாள்.

“அப்ப, படிப்பு ஏறலைன்னு நான் ஊரெல்லாம் சொல்லீட்டுத் திரிஞ்சது…”

முடிக்கவில்லை. மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு என் கையைப் பிடித்துப் பார்த்தாள். கையில் என்ன இருக்கும்? மாவுதான் இருந்தது.

டிசம்பர் 26, வெள்ளி

கவிதாமணி அக்கா மாவு வாங்க வரவில்லை.

டிசம்பர் 29, திங்கள்

இன்று அவளுக்குக் கணக்குத் தேர்வு. மின்சாரம் இல்லை. உளுந்து ஊறிக்கொண்டே இருந்தது. அவள் ஜன்னலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பாள். யாரோ எழுதிக்கொண்டிருப்பார்கள். கீழிருந்து மேலே போகலாம் என்று அந்த ஆளுக்குத் தெரியுமா, இடம் விடுவார்களா என்று நினைத்தேன்.

ஜனவரி 1, வியாழன்

அம்மா பாயசம் வைத்தாள். நாங்கள் இருவரும் குடித்தோம்.

ஜனவரி 4, ஞாயிறு

மிருதுளா வந்தாள். தூக்குப்போசியை நீட்டினாள். அம்மா உள்ளே குளித்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு படி. அம்மா கேட்டாங்க.”

மாவை ஊற்றினேன். விளிம்பில் வழிந்தது. துடைத்தேன்.

“தேறிட்டேன்” என்றாள். “பொதுத்தேர்வுக்குப் பேரு போயிருச்சு. கணக்குல ரெண்டு மார்க்குத்தான் போச்சு. அதுவும் எழுதுன அந்தண்ணன் என்னை என்ற வேகத்துக்கு ஓட விடல.”

“ம்.”

“ம் மட்டும்தானா? அன்னைக்கு ஆபீஸ்ல அத்தனை பேசுனீங்க.”

பாத்திரத்தை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

“முதல் தடவை மிஸ் வட்டம் போட்டுக் கொண்டாந்தாங்கல்ல? அன்னைக்கே தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்.”

“அப்பறம் ஏன் சொல்லல?”

“சொன்னா அப்பறம் வரச் சொல்ல மாட்டீங்கன்னு.”

அவள் முகம் சிவந்தது. “ஒரு மாசங்க்கா! என்ற தலைக்குள்ள ஏதோ கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். எழுத வராது, படிக்க வராது, சரி. தலையாச்சும் என்னுதுன்னு இருந்தேன். அதுவும் போச்சுன்னு நெனச்சு, ஒருத்தர்கிட்டயும் சொல்லாம… உங்களுக்கு அது தெரிஞ்சே பக்கத்துல உக்காந்திருந்தீங்க.”

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது. தலைமையாசிரியர் அறையில் வந்த குரல் இங்கே வரவில்லை.

தெருவில் ஒரு சைக்கிள்காரர் மணியடித்துக்கொண்டு போனார். மிருதுளா சுவரில் இருந்த அட்டையைப் பார்த்தாள். அதை அவளால் எளிதில் படிக்க முடியாது. ஆனாலும் நேரம் எடுத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள்.

“ஒண்ணு கேக்கறேன்” என்றாள், அட்டையைப் பார்த்துக்கொண்டே. “அஞ்சு பரீட்சை. ஒவ்வொண்ணும் மூணு மணி நேரம். நான் சொன்னது எல்லாமே இன்னும் இருக்குதா உங்களுக்குள்ள?”

“இருக்குது.”

“அதுக்கு முன்னாடி, வீட்டுல பழகுனது?”

“அதுவும்.”

“நான் உங்களை ஊமைக்கோட்டான்னது?”

“அது மொத நாளே.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். “அது யாராலயும் முடியாதுங்க்கா. நெசமா. எனக்குக்கூட முடியாது. மிஸ் வீட்டுக்கு வந்தப்ப சொன்னாங்கல்ல, கூர்மை கஷ்டத்தை மறைக்கும்னு. நீங்க அவ்வளவு நல்லா ஞாபகம் வெச்சதாலதான் தப்பே தெரியல. கொஞ்சம் மக்கா இருந்திருந்தீங்கன்னா மொத நாளே மாட்டியிருப்பீங்க.”

என்னை யாரும் இப்படித் திட்டியதில்லை.

பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள். சைக்கிளில் மாட்டினாள்.

“கோவம் போகல” என்றாள்.

“ம்.”

“போனா வர்றேன்.”

தெருமுனை வரை பார்த்தேன். அம்மா குளித்துவிட்டு வந்து, யார் வந்தது என்றாள். மிருதுளா என்றேன். என்ன சொன்னாள் என்றாள். சொன்னேன்.

கோபம் போனால் வருவாள். எப்போது என்று நான் கேட்கவில்லை. அவள் சொல்லியிருந்தாலும், நாட்களை எண்ணிக்கொண்டு இருக்க எனக்கு வராது.